ரஞ்சன்குடிக் கோட்டையும் ஒரு காரின் மூச்சும்

சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே பயணம் செய்த வாசகர்களுள் பலர் ரஞ்சன்குடிக் கோட்டையைக் கண்டிருப்பர். இறங்கிச் சென்று பார்த்தவர் சிலராகவே இருப்பர். பெரம்பலூருக்கு வடக்கே ஏறத்தாழ 17 கிலோ மீட்டர் தொலைவில், மங்களமேட்டை ஒட்டி, நெடுஞ்சாலையிலிருந்தே அதன் மதில்கள் தெரியும். பேருந்தில் செல்வோர் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மீண்டும் உறக்கத்தைத் தொடர்வர். முப்பது ஆண்டுகளாக நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன். கடந்த ஆடி மாதத்தில்தான் அக்கோட்டையின் உச்சியில் ஒரு மணி நேரம் நிற்கும் வாய்ப்புக் கிட்டியது. என்னை அங்கே ஏற்றியது வரலாற்று ஆர்வம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் ஏற்றியது, என் தங்கை மகன் தன் தந்தையின் காருக்குப் பொருத்தியிருந்த கூம்பு வடிவச் சாமான் ஒன்று.

லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் உறவினர் வீட்டு நிக்காஹ். திருச்சியிலிருந்து நானும் என் மனைவியும், தங்கையும் மச்சானும் அவர்கள் மகனுமாக ஐவர் ஒரே காரில் புறப்பட்டோம். காரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மச்சான் சவூதியில் தம்மாம் நகரில் 22 ஆண்டுகள் தண்ணீர் லாரி ஓட்டியவர். இரண்டு பெண்களைக் கரையேற்றி, வீட்டுக்கு மாடி எடுத்து, அதற்கும் மேல் எஞ்சிய பணத்தில் தமக்கென்று அவர் வாங்கிய ஒரே பொருள் அந்த 1200 சி.சி. பெட்ரோல் கார். பிறர் ஓட்டிய பழைய வண்டிதான். ஆயினும் வெள்ளிதோறும் அதைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அவர் ஜும்ஆவுக்குக் குளிக்கச் செல்வார் என்று தங்கை கேலி செய்வதுண்டு.

மகன் சென்னையில் கணினித் துறையில் பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. சென்ற நோன்புப் பெருநாளுக்கு வந்தவன், தன் சம்பளத்திலிருந்து தந்தைக்கு அன்பளிப்பாக, அந்தக் காரின் ஏர் ஃபில்டர் பெட்டியை முழுவதும் கழற்றிவிட்டு, பளபளக்கும் குழாய் ஒன்றையும் அதன் நுனியில் சிவப்பு நிறக் கூம்பு ஃபில்டரையும் பொருத்தித் தந்தான். "அத்தா, இனி வண்டி பறக்கும்" என்றானாம். மச்சான் சிரித்தாராம். அவ்வளவுதான் நடந்தது.

புறப்பட்டபோது வண்டி பறக்கத்தான் செய்தது. பறப்பதைப் போன்ற ஓசையாவது எழுந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் பானெட்டுக்குள்ளிருந்து ஓர் உறுமல். மருமகன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான். "மாமு, இழுவை தெரிகிறதா?" என்றான். தெரிகிறது என்றேன். காதுக்குத் தெரிந்ததா, முதுகுக்குத் தெரிந்ததா என்று அவன் கேட்கவில்லை.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் சமயபுரத்தைக் கடப்பது எளிதன்று. சுங்கச்சாவடிக்கு முன்னும் பின்னும் முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் விலகி வழி கிடைத்தபோது, மருமகன் கியரை மாற்றி அழுத்தினான். உறுமல் எழுந்ததேயன்றி வண்டி எழவில்லை. கூடையைத் தலையில் சுமந்தவர் மேடேறுவதைப் போல முக்கிக்கொண்டு நகர்ந்தது. சிறிது தூரம் ஓடியபின் சரியாயிற்று. பாடாலூர் தாண்டியும், பெரம்பலூர் நெருங்கியும், எங்கெல்லாம் நின்று புறப்பட்டோமோ அங்கெல்லாம் இதே கதை. மச்சான் முன்னிருக்கையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார்.

இங்கே ஒரு கணக்கைச் சொன்னால் வாசகர்கள் வியப்படைவர். நாம் கார் குடிக்கும் பெட்ரோலைப் பற்றியே கவலைப்படுகிறோம். அது குடிக்கும் காற்றைப் பற்றி எண்ணுவதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் செம்மையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பதினொரு கிலோவை ஒட்டிய காற்று. அதைக் கொள்ளளவில் சொன்னால் ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேல். திருச்சியிலிருந்து ரஞ்சன்குடி செல்வதற்குள் எங்கள் வண்டி விழுங்கிய காற்றை ஒரு வீட்டுக்குள் அடைப்பதாயின், சராசரி அறை ஒன்று போதாது.

எனவே, அதிகக் காற்று கிடைத்தால் அதிக எரிபொருளை எரிக்கலாம், அதிக ஆற்றலைப் பெறலாம் என்று மருமகன் எண்ணியதில் பிழையில்லை. பந்தய உலகம் முழுவதும் இந்த ஒரே நியதியில்தான் சுழல்கிறது. பிழை வேறிடத்தில் இருந்தது. இன்ஜினுக்கு வேண்டியது காற்றின் கொள்ளளவன்று, எடை. காற்று சூடானால் விரிகிறது. விரிந்த காற்று அதே இடத்தை அடைத்துக்கொண்டு எடையில் குறைகிறது. கம்பெனி பொருத்திய கறுப்புப் பெட்டியை அழகற்றதென்று பலர் எள்ளுகிறார்கள். அப்பெட்டிக்கு ஒரு மூக்குண்டு. அந்த மூக்கு ரேடியேட்டருக்கு முன்னே நீண்டு, வெளிக்காற்றையே முகரும். கூம்பு ஃபில்டரோ திறந்த வெளியில், அதாவது கொதிக்கும் இன்ஜினுக்கும் சைலன்சர் தொடங்கும் இடத்துக்கும் அருகிலேயே, வாயைத் திறந்துகொண்டு அமர்ந்திருந்தது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. ஸ்டீயரிங்குக்கு அடியிலுள்ள சோதனைச் செருகியில் ஒரு சிறு கருவியைச் செருகி, இன்ஜினின் செய்திகளைக் கைப்பேசியில் காட்டும் ஏற்பாடும் மருமகன் செய்திருந்தான். பெரம்பலூரில் தேநீருக்கு நிறுத்திப் புறப்பட்டபோது அதை எனக்குக் காட்டினான். வெளியே வெப்பம் 36 டிகிரி. இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் வெப்பம் 64 டிகிரி! ஓடும்போது 45க்கு இறங்கியது; நின்றால் மீண்டும் ஏறியது. 36 டிகிரிக் காற்றுக்கும் 64 டிகிரிக் காற்றுக்கும் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு வேறுபாடு. போதாக்குறைக்கு, சூடான காற்று நுழைவதை உணர்ந்ததும் இக்கால இன்ஜின்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தீப்பொறியைத் தாமதப்படுத்தும்; அதனாலும் இழுவை குறையும். சிவப்புக் கூம்பு கொடுத்ததாக எண்ணிய ஆற்றலை வெப்பம் வட்டியுடன் பறித்துக்கொண்டிருந்தது. எண்ணைப் பார்த்த மருமகன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

வாலிகண்டபுரம் வந்தது. சாலையோரச் சிற்றூராக இன்று காணப்படும் இவ்வூர் ஒரு காலத்தில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர் கான் லோடியின் தலைநகரம். 1673இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கால் வைக்க இடம் தந்தவர் அவர்தாம். 1677இல் சிவாஜியின் படையெடுப்பில் அவருடைய ஆட்சி சரிந்தது. ஒரு துறைமுகத்தின் வரலாற்றையே திருப்பிய முடிவு கடலைக் காணாத இக்கரிசல் மண்ணில் எடுக்கப்பட்டதென்பதை எத்தனை பேர் அறிவர்?

மங்களமேட்டுக்கு அருகில் கருங்கல் ஜல்லி ஏற்றிய லாரிகளின் பின்னே சிக்கினோம். ஆடிக் காற்று வேறு. முன்னே சென்ற வண்டி தெரியாத அளவுக்குப் புழுதி. வண்டி இருமியது, முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மச்சான் அன்று காலையிலிருந்து பேசிய முதற்சொல்: "ஓரமாக நிறுத்துங்கள், தம்பி." மகனையும் 'தம்பி' என்றே அழைப்பது அவர் வழக்கம்.

கோட்டைக்குத் திரும்பும் வழிக்கு அருகே டிராக்டர் பழுது பார்க்கும் கொட்டகை ஒன்றிருந்தது. பட்டறைக்காரர் வயதில் மூத்தவர். பானெட்டைத் திறந்ததும் கூம்பைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். கூம்பின் பின்னேயிருந்த கிளாம்ப் ஒன்று சற்று நெகிழ்ந்திருந்தது. குழாயைக் கழற்றி, தோளில் கிடந்த துண்டின் வெள்ளை முனையை உள்ளே விட்டுத் துடைத்து நீட்டினார். செம்பழுப்பு நிறத்தில் முகப்பவுடரைப் போல மெல்லிய தூள்.

"பாய், இது குவாரி லாரி போகிற பாதை. டிராக்டருக்கே நாங்கள் காற்றை எண்ணெயில் குளிப்பாட்டித்தான் உள்ளே விடுகிறோம்" என்றார்.

அவர் சொன்னது அணியுரையன்று. பழைய டிராக்டர்களிலும் ஜீப்புகளிலும் எண்ணெய்த் தொட்டி ஃபில்டர் உண்டு. உறிஞ்சப்படும் காற்று எண்ணெயின்மேல் மோதித் திரும்பும். திரும்ப இயலாத புழுதி எண்ணெயிலேயே படிந்துவிடும். அதற்கும் முன்னதாக, டிராக்டரின் தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிண்ணத்தில் காற்று சுழன்று பெருமணலை உதறிவிடும். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் இம்மாவட்டத்தின் புழுதியில் உழும் இயந்திரத்துக்கு இவ்வளவு காவல் வேண்டியிருக்கிறது. மணலின் நுண்படிகம் இரும்பைவிடக் கடினமானது. தலைமுடியின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள துகள்தான் மிகுந்த தீங்கு செய்யும். பிஸ்டனின் வளையத்துக்கும் சிலிண்டரின் சுவருக்கும் இடையே அது உப்புத்தாளாய் வேலை செய்யும். பிறகு எண்ணெய் எரியும், புகை வரும், ஒருநாள் இன்ஜினை இறக்க வேண்டிவரும். அச்செலவு மச்சானின் சேமிப்பில் என்ன மிச்சம் வைக்கும் என்பதை நான் அறிவேன்.

மருமகன் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "பழைய மாதிரிப் பெட்டி வாங்கத் திருச்சிக்குத்தான் போக வேண்டும்" என்றான், யாரையும் பாராமல்.

மச்சான் டிக்கியைத் திறந்தார். மாற்றுச் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பழைய கைலி மூட்டையை எடுத்துப் பிரித்தார். அந்தக் கறுப்புப் பெட்டி, அதன் மூக்குக்குழாய், நான்கு போல்ட்டுகள் ஒரு பாலிதீன் உறையில், புதிய காகித ஃபில்டர் ஒன்று. பெருநாளன்று மகன் குப்பையோடு போடச் சொன்னவை.

மருமகனின் முகம் சிவந்தது. ஒன்றும் சொல்லாமல் கோட்டைப் பக்கமாக நடந்தான். மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவன் பின்னே சென்றேன்.

ரஞ்சன்குடிக் கோட்டை 17ஆம் நூற்றாண்டில் ஜாகீர்தார் ஒருவரால் எழுப்பப்பட்டதென்று சொல்லப்படுகிறது. நீள்வட்டமான அமைப்பு, வெட்டிய கருங்கற்களை அடுக்கிக் கட்டிய மதில்கள், இடையிடையே அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. வெவ்வேறு உயரத்தில் மூன்று அடுக்காக அரண்கள் எழுகின்றன. வெளிமதிலைக் கடந்தவன் உள்மதிலின் பீரங்கிக்கு நேராக நிற்பான். உள்ளே இடிந்த மாளிகைப் பகுதிகளும் நிலவறைகளும் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் கற்கள் இடம் பெயராமல் நிற்கின்றன. சுவர்களில் பெயர் கிறுக்கும் நம்மவர் வழக்கத்தை மட்டும் எத்துறையாலும் தடுக்க இயலவில்லை போலும்.

நிலவறை ஒன்றின் வாயிலில் குனிந்தபோது உள்ளிருந்து புழுங்கிய காற்று முகத்தில் அடித்தது. உச்சித் தளத்தில் ஏறியதும் மேல்காற்று சட்டையைப் பாய்போல் புடைக்கச் செய்தது. கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் தீப்பெட்டிகளாய் ஊர்ந்தன. மருமகன் மதிலில் சாய்ந்து அமர்ந்தான்.

அவனைப் பேசவைக்க எண்ணி 1751இன் கதையைச் சொன்னேன். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகம்மது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்ட காலம். முன்னவருக்கு ஆங்கிலேயர் துணை, பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. இரு படைகளும் இவ்விடத்தில் எதிரெதிரே வந்து நின்றன. வெள்ளையர் ஏடுகளில் இது 'வால்கொண்டா' போர். கோட்டைத் தலைவரோ இரு தரப்பாருடனும் இனிமையாகப் பேசி நாள் கடத்தினாரேயன்றி எவருக்கும் எளிதில் கதவைத் திறக்கவில்லை. சண்டை மூண்டபோது ஆங்கிலப் படையினர் கலக்கமுற்றுப் பின்வாங்கி, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்கே திரும்பினர். அப்படையோடு வந்திருந்த ராபர்ட் கிளைவ் என்னும் இளைஞர், அதே ஆண்டில் ஆர்க்காட்டைப் பிடித்துப் பெயர் பெற்றார். சந்தா சாகிபு மறு ஆண்டில் கொல்லப்பட்டார்.

"யாருக்குக் கதவைத் திறப்பது என்று தெரிந்திருக்கிறது அந்தக் கோட்டைத் தலைவருக்கு" என்றான் மருமகன். முதன்முறையாகச் சிரித்தான்.

பிறகு அவனே பேசினான். பந்தயக் கார்களைப் பற்றிய பைத்தியம் அவனுக்குப் பள்ளி நாளிலேயே தொற்றியது. ஒரு காலத்தில் சோழவரம் விமானத் தளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் நடந்த பந்தயங்களின் செய்திகளையெல்லாம் திரட்டி வைத்திருக்கிறான். மாருதி இன்ஜினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார்கள் கட்டி இளைஞர்களை ஓட்டவைத்த கோவை எஸ்.கரிவரதனைப் பற்றிச் சொன்னான். அவர் 1995இல் விமான விபத்தில் மறைந்தவர். அதே 1995இல் நடந்த இன்னொன்றையும் சொன்னான். உலக ராலிப் பந்தயத்தில், டர்போவுக்குக் காற்று செல்லும் வாயை 34 மில்லி மீட்டர் வளையத்தால் குறுக்க வேண்டும் என்பது விதி. கட்டுப்பாடில்லாமல் காற்றை விட்டால் வேகம் ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்தாகும் என்பதால் அவ்விதி. ஸ்பெயினின் கத்தலோனியாவில் டொயோட்டா அணியின் கார்களைச் சோதித்தபோது, அந்த வளையத்தைச் சற்றே நகர்த்திப் பக்கவாட்டில் காற்றைக் களவாக உள்ளே விடும் நுட்பம் கண்டுபிடிக்கப்பட்டது. கழற்றிப் பார்த்தால் தெரியாதபடி சுருள்வில் கொண்டு அவ்வளவு அழகாகச் செய்திருந்தார்களாம். அணிக்கு ஓராண்டுத் தடை.

"சில மில்லி மீட்டர் இடைவெளிக் காற்றுக்காக உலகப் பெயரையே பணயம் வைத்தார்கள், மாமு. காற்றுக்கு அவ்வளவு மதிப்பு."

"அந்தப் பந்தய இன்ஜினை எத்தனை நாளுக்கு ஒருமுறை பிரித்துக் கோர்ப்பார்கள்?" என்று கேட்டேன்.

"சில பந்தயங்களுக்கு ஒருமுறை."

"உன் அத்தாவின் வண்டி எத்தனை ஆண்டு ஓட வேண்டும்?"

அவன் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "கூம்பைச் சுற்றித் தகடு வைத்து மறைத்து, குழாயை பம்பருக்குக் கீழே இறக்கினால் குளிர்ந்த காற்று கிடைக்கும்" என்றான். இளமை எளிதில் தோற்காது. சொன்னது உண்மையும்கூட; அப்படிப்பட்ட அமைப்புகளும் விற்பனைக்கு உள்ளன. ஆனால் 2015 டிசம்பரில் சென்னையின் வெள்ளத்தை அவன் கண்டவன். தாழ்ந்த வாய் தண்ணீரையும் உறிஞ்சும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலெழும்போது கனெக்டிங் ராடு வளைந்துபோகும். கம்பெனிக்காரன் மூக்கை உயரத்தில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். சட்டமும் இருக்கிறது. வாகனத்தைத் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாகத் திருத்தக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் தீர்ப்பளித்ததை நான் நினைவூட்டினேன்.

"அத்தா ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்றான் திடீரென்று. "பாலைவனத்தில் லாரி ஓட்டியவர். அவருக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். மணற்புயல் நாட்களில் ஃபில்டரைக் காலையும் மாலையும் கழற்றி, உட்புறமிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்ததை எங்கள் வீட்டுத் திண்ணையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மகனின் முதல் அன்பளிப்பைக் கழற்றத்தான் அவருக்குக் கை வரவில்லை. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. "நீ அவரைக் கேட்டா பொருத்தினாய்?" என்று மட்டும் கேட்டேன். அவன் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு முன்னே இறங்கினான்.

கொட்டகையில் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. பட்டறைக்காரர் மரப்பெட்டியில் அமர்ந்து பீடி புகைத்துக்கொண்டிருக்க, மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தாமே வேலை செய்துகொண்டிருந்தார். தங்கையும் என் மனைவியும் புளிய மரத்தடியில் வெற்றிலைப் பெட்டியைத் திறந்திருந்தனர். மருமகன் அருகில் சென்றதும் மச்சான் ஸ்குரூ டிரைவரை நீட்டினார். "கடைசிக் கிளாம்பை நீங்களே முறுக்குங்கள். ரொம்ப இறுக்க வேண்டாம், ரப்பர் வெட்டுப்படும்." மகன் குனிந்தான். காகித ஃபில்டரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை, சிறிது புழுதி படிந்தது இன்னும் நன்றாகவே வடிகட்டும், அடைத்துப் போனால்தான் கேடு என்று தந்தை பாடம் நடத்தலானார். அடைத்த ஃபில்டரால் மைலேஜ் விழும் என்று நம்பியவன் நான். தற்கால இன்ஜின்களில் அதனால் எரிபொருள் செலவு கூடுவதில்லை, இழுவைதான் குறைகிறதென்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009இலேயே சோதித்துச் சொல்லியிருப்பதாக மருமகன் குறுக்கிட்டான். மச்சான் தலையசைத்தார். இருவரும் ஒரே பானெட்டுக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டு பேசியதை நான் அன்றுதான் கண்டேன்.

பட்டறைக்காரர் கூலி வாங்க மறுத்தார். வேலையைப் பாய்தானே செய்தார் என்பது அவர் வாதம். தங்கை பிடிவாதமாக ஒரு தொகையை அவருடைய மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

மீண்டும் புறப்பட்டோம். உறுமல் இல்லை. ஜல்லி லாரிகள் முன்னே நின்றதால் ஊர்ந்துதான் சென்றோம். மருமகன் கைப்பேசியை நிமிர்த்தி என்னிடம் கொடுத்தான். 43 டிகிரி. வழி கிடைத்தபோது வண்டி மூச்சு முட்டாமல் எழுந்து ஓடியது. சற்று நேரத்தில் 39. வெள்ளாற்றை நெருங்கும்வரை மஞ்சள் விளக்கும் மீண்டும் எரியவில்லை.

லெப்பைக்குடிக்காட்டில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். எல்லோரும் இறங்கியபின், மருமகன் டிக்கியிலிருந்து சிவப்புக் கூம்பை எடுத்து, தெருவோரத்துக் குப்பைத் தொட்டியை நோக்கி நடந்தான்.

மச்சான் கூப்பிட்டார். "அதை எங்கே கொண்டுபோகிறீர்கள்?" கையிலிருந்து வாங்கி, பெட்டி இருந்த அதே கைலியில் சுற்றி, மாற்றுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்து மூடினார். "இருக்கட்டும் தம்பி. பெருநாளுக்கு வந்தது."